ஆத்துமாப் பெட்டியில் போட்ட பட்டியல்

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். தமிழ்த் தினப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து கட்டுரைக்கு முதலிடம் எனக்குத்தான். சிரேஷ்ட மாணவத் தலைவி வேறு. அதிபரின் கந்தோரில் இருந்து வரும் அறிவித்தல்களில் பாதி நான் எழுதிக் கொடுத்தவை. தலைக்கனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் கடைசியில் மாணவத் தலைவர்கள் தங்கள் சின்னங்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், சிரேஷ்ட தலைவி தன்னோடு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் கைப்பட ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட ஆள் வந்து, சட்டையில் குத்தியிருக்கும் பட்ஜைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு போகும். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகளும் மன்னாரில் இருக்கின்றன.

அந்த வருடம் என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர். பதினாலு கடிதம். ஒரே பின்னேரத்தில் பதின்மூன்றை எழுதி முடித்தேன். 'தங்கள் தன்னலமற்ற சேவையும் அர்ப்பணிப்பும் எம் நெஞ்சங்களில் என்றென்றும் நிலைத்திருக்கும்' என்று ஒரு வசனம் அமைந்தது. அமைந்தது வீணாகக் கூடாது என்று பதின்மூன்றிலும் அதையே போட்டேன். மாறியது பெயர் மட்டும்தான்.

பதினாலாவது அன்ரோனெற்றுக்கு. அதை எழுதவில்லை.

கேற் டியூட்டி அவளுடையது. காலை ஏழரைக்கு மணி அடித்ததும் இரும்புக் கேற்றைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பாள். டக், டக். ஒரு தடவை ஆட்டினால் போதாதா என்று கேட்டால் சிரிப்பாள். தீவு முழுவதும் திரிகிற கழுதைகளில் இரண்டு மூன்று எந்த நேரமும் எங்கள் மதிலோடு நிற்கும். கேற் கொஞ்சம் திறந்திருந்தாலும் உள்ளே வந்து பூக்கன்றுகளை மேய்ந்துவிடும். நாங்கள் கல்லெறிந்து துரத்துவோம். அவள் மட்டும் கழுதையின் கழுத்தில் கையைப் போட்டு, ஏதோ இரகசியம் பேசுகிறவள் மாதிரி, வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள்.

மண்ணெண்ணெய்க்கு விடிய முதலே வரிசையில் நின்ற அந்த வருடம், யூன் மாதம், அவளுடைய மாமா குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போனார். அன்ரோனெற்றும் அவர்களோடு போனாள். படகு அந்தப் பக்கம் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. இந்தப் பக்கம் ஏதும் கரை ஒதுங்கியதாகவும் இல்லை. அவளுடைய தாய் செலீனா அன்ரி கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவர். தகப்பன் இல்லாத வீடு, ஒரே பிள்ளை. பிள்ளை போன விசயம் விடிந்த பிறகுதான் தாய்க்கே தெரியும் என்று ஊர் சொன்னது.

எனக்கு முதல் நாள் பின்னேரமே தெரியும்.

அன்றைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குசினிக்குள் என்னோடு இருந்து சாப்பிட்டாள். பட்ஜைக் கழற்றி என் கையில் வைத்து, "நாளைக்குக் கேற்றுக்கு வேற ஆளைப் போடு. அம்மாட்ட சொல்லிப்போடாதை" என்றாள். நான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை கடமைப் புத்தகத்தில் அவளுடைய பெயருக்கு நேரே 'அறிவிக்காமல் வரவில்லை' என்று சிவப்பு மையால் எழுதினேன். பதினொரு நாள் அப்படியே எழுதினேன். பன்னிரண்டாம் நாள் பொறுப்பு ரீச்சர் புத்தகத்தை வாங்கி மூடி, "போதும் டினோஜா" என்றார். என்னைக் கண்டிப்பான பிள்ளை என்று அவர் நினைத்திருப்பார். நான் ஒரு பொய்யை நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். கோவில் வாசலில் ஒரு மரப்பெட்டி வைப்பார்கள். வீட்டில் மரித்தவர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதி, உறையில் இட்டு அந்தப் பெட்டியில் போட்டால், பாதர் பூசையில் ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவார். எங்கள் அம்மா, செத்துப்போன அப்பப்பா தொடக்கம் வரிசையாக எழுதி, நான் கடிதங்களுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளை உறைகளில் ஒன்றை எடுத்து அதற்குள் போட்டு மேசையில் வைத்தார். விழாவில் பெயர் கூப்பிடுவதற்கான பட்டியலை எழுதி, அதே மாதிரி ஓர் உறையில் போட்டு நானும் அதே மேசையில் வைத்திருந்தேன். முதலில் என் பெயர், கடைசியில் அன்ரோனெற். அவளை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

சனிக்கிழமை ரியூசனுக்குப் போகும்போது, "அதைப் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போ" என்று அம்மா சொன்னார். போட்டுவிட்டுப் போனேன்.

ஞாயிறு காலைப் பூசை. பாதர் எங்கள் பங்குக்கு வந்து மூன்று கிழமைதான். ஊர்ப் பெயர்கள் அவருக்குப் பழக்கமில்லை, எழுதிக் கொடுத்ததைத் தலை நிமிராமல் வாசிப்பார். சந்தியாப்பிள்ளை, மதலேனாள் என்று யார் யாருடைய பாட்டன் பாட்டியோ போய்க்கொண்டிருந்தார்கள். நான் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டினோஜா," என்று வாசித்தார்.

வேறு டினோஜாவாக்கும் என்று நினைத்தேன். அடுத்தது "நுஹா" என்றார். அதற்கடுத்து "அஸாம்". பிறகு மில்ரன், கொலின்ஸ், யதுர்சிகா. கத்தோலிக்க ஆத்துமாக்களின் நடுவில் இரண்டு முஸ்லிம் பெயர்களும் ஒரு சைவப் பெயரும் போனதைக் கூட அவர் கவனிக்கவில்லை. கோவிலுக்குள் தலைகள் திரும்பின. கொலின்ஸ் ஆண்கள் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு இருந்தான். எழும்பி நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழும்பவில்லை. கடைசிப் பெயர் என்ன என்று அந்தக் கோவிலில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதை நோக்கி அவர் ஒவ்வொரு பெயராக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அன்ரோனெற்."

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் இருந்து செலீனா அன்ரி எழும்பினார். அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவழியால் நடந்து பீடத்துக்குக் கிட்டப் போனார்.

"பாதர், கடைசிப் பேரை வெட்டுங்கோ."

"என்னம்மா?"

"அது என்ர பிள்ளை. சாகேல்லை. வெட்டுங்கோ."

பாதர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அங்கிக்குள் இருந்து பேனையை எடுத்து வெட்டினார். எங்கள் பதினாலு பேருடைய பெயர்கள் வெட்டப்படாமல் அப்படியே இருந்தன.

பூசை முடிந்ததும் செலீனா அன்ரி அந்தக் கடதாசியை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் எழுத்து ஊருக்கே தெரிந்த எழுத்து. அம்மா முந்திக்கொண்டு, உறை மாறிப்போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அப்பப்பாவுடைய உறை என் பள்ளிக்கூடப் பையில் பத்திரமாக இருந்தது. செலீனா அன்ரி அம்மாவைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு ஏதும் தெரியுமோ பிள்ளை? தெரிஞ்சோ இதில எழுதினனீ?"

"இல்லை அன்ரி. பிழையாப் போட்டுட்டன்."

பெட்டியில் போட்டது பிழையாகத்தான். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

"பேரை எழுத வேண்டிய நேரம் நான் எழுதுவன்," என்றார். "நீ எழுதாதை."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எங்கள் பதினாலு பேரையும் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாங்கள் வர விலகி நின்றார்கள். மில்ரன் செவ்வாயன்று சைக்கிளோடு விழுந்து முழங்காலைக் கிழித்தான். யதுர்சிகாவுக்குக் காய்ச்சல். இதெல்லாம் வழக்கமாக வருகிறவைதான், ஆனால் அந்தக் கிழமை எதையும் வழக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நுஹாதான் பகிடி பண்ணினாள். அவள் எனக்கு உப தலைவி.

"எங்கட உம்மா விடிஞ்சதில இருந்து சிரிச்சுக்கொண்டு திரியிறா," என்றாள். "பிறகு தனியப் போய் இருந்து எனக்கு துஆ கேட்கிறா. அஸாமிட வீட்டில ஏழையளுக்குச் சதக்கா குடுத்தாங்களாம்."

யூனில் இருந்து கேற் டியூட்டியை நானே பார்த்து வந்தேன். அந்தக் கிழமைதான் அந்தச் சத்தம் தொடங்கியது. கேற்றைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, பத்தடி நடந்திருப்பேன். பின்னால் டக், டக் என்றது. திரும்பினேன். ஒரு கழுதை கம்பியில் கழுத்தை உரசிக்கொண்டு நின்றது. எனக்கு அதைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. அடுத்த நாளும் டக், டக். அன்றைக்குக் கழுதை இல்லை. வாடைக் காற்றாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றென்றால் கண்டபடி ஆட்டும், எண்ணி இரண்டு தரமா ஆட்டும்?

வியாழக்கிழமை நுஹாவும் என்னோடு வந்தாள். கேட்டது. இருவரும் நின்றோம்.

"கேட்டதோ உனக்கு?" என்றேன்.

"ஓம்."

"கழுதையோ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பிஸ்மில்லா சொல்லிட்டு நட," என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் மாணவத் தலைவர்களுக்கான பிறிபெக்ட் அறையில் அவளுக்கு அவளுடைய கடிதத்தைக் காட்டினேன். முன்கூட்டிக் காட்டக் கூடாது. யாராவது என்னைப் பாராட்ட வேண்டும் போல இருந்தது. அவள் வாசித்தாள். மற்றக் கடிதங்களையும் கேட்டு வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறியது.

"ஏன்டி, இது மௌத்து நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு."

"மரண அறிவித்தலோ?"

"'என்றென்றும் நெஞ்சங்களில் நிலைத்திருக்கும்' எண்டு உசிரோட இருக்கிற ஆளுக்கு ஆராவது எழுதுவாங்களா? கோயில்ல எங்கட பேரை வாசிச்சிட்டாங்க. இப்ப நீயும் காகிதத்தில அடக்கிட்டாய்." கடிதத்தை என் முன்னால் வைத்தாள். "இதில என்ர பேரை எடுத்திட்டு கொலின்ஸிட பேரைப் போடலாம். அப்ப இது எனக்கில்லை."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடம் முதலிடம் எடுத்தவளிடம் சொல்கிற பேச்சா? அவள் போன பிறகு பதின்மூன்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். அவள் சொன்னது சரி. அதில் ஓர் ஆள் கூட உயிரோடு இல்லை.

அடுத்த நாள் பாடவேளை முடிந்த பிறகு அந்த அறையிலேயே இருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன். 'தன்னலமற்ற' என்ற சொல்லைத் தொடுவதில்லை என்று முடிவு. நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது, எனக்குக் கூச்சமானாலும் எழுதுவது. நினைத்ததை விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் பக்கத்தில் நின்றவர்களை நான் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறேன் என்பது பேனையை வைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் தெரிந்தது. கொலின்ஸ் என்ன செய்தான் என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். விளையாட்டுப் போட்டி அன்று ஒலிவாங்கித் தாங்கி உடைந்துபோக, அதிபரின் பேச்சு முடியும் வரை அவன் ஒலிவாங்கியைக் கையால் ஏந்திக்கொண்டு நின்றது நினைவு வந்தது. நாற்பது நிமிடம். இடது கை, பிறகு வலது கை, திரும்ப இடது கை. மில்ரன் மழை வெள்ளத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கடத்திவிட்டு, நனைந்த சப்பாத்தோடு வந்து என்னிடம் ஏச்சு வாங்கினான். சப்பாத்து நனைந்ததற்கு நான்தான் ஏசினேன். அதையும் எழுதினேன்.

நுஹாவுக்கு இப்படி எழுதினேன்: 'நோன்பு மாதம் முழுவதும் உனக்குக் கன்ரீன் வரிசை டியூட்டி. மற்றவர்கள் சாப்பிடுவதை நீ பசியோடு நின்று பார்த்து ஒழுங்குபடுத்தினாய். மாற்றித் தரும்படி நீ கேட்கவில்லை. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. உனக்கு நன்றி சொல்ல முன்னம் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

ஒவ்வொரு கடிதமும் முடியும்போது அந்த ஆள் மரித்தோர் பட்டியலில் இருந்து வெளியே வந்து அறைக்குள் நிற்பது போல இருந்தது. பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். சொல்லிச் சிரிக்கத்தக்க விசயம்தான். ஆனால் எனக்கு உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

பிறகு அன்ரோனெற் மட்டும் மிச்சம். வெளியே கேற் பக்கம் டக், டக் என்று கேட்டது. நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

கழுதையின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு போனதை எழுதினேன். பிந்தி வருகிற சின்னப் பிள்ளைகளின் பெயரை எழுதாமல் எனக்குத் தெரியாமல் உள்ளே விட்டதை எழுதினேன். அது எனக்குத் தெரியும் என்பதையும் எழுதினேன். பிறகு நிறுத்தலாம் என்று பார்த்தேன். நிறுத்தினால் அதுவும் மௌத்து நோட்டீஸ்தான். நீ வந்தாய், என்னிடம் சொன்னாய், நான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று எழுதினேன். பதினொரு நாள் சிவப்பு மையால் எழுதியது பொய் என்று எழுதினேன். 'நீ அறிவித்துவிட்டுத்தான் போனாய்.' கொப்பிப் பெட்டிக்குள் ஐந்து மாதமாக ஒளித்து வைத்திருந்த பட்ஜை எடுத்துக் கடிதத்தோடு உறைக்குள் போட்டு ஒட்டினேன். விழாவுக்கான அழைப்பிதழை நானே கொண்டுபோய் செலீனா அன்ரியின் படலையில் செருகிவிட்டு, அவர் வெளியே வர முன்னம் ஓடி வந்தேன். வீரம் அவ்வளவுதான்.

விழாவில் பெயர்களை நான்தான் கூப்பிட்டேன். நுஹா வந்து பட்ஜைத் தட்டில் வைத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். தன் இடத்தில் இருந்து அதை உடைத்து வாசித்தாள். பிறகு தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். அவளைப் பார்க்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். தட்டில் பட்ஜுகள் நிறைந்தன.

"அன்ரோனெற்," என்றேன்.

கடைசி வரிசையில் இருந்து செலீனா அன்ரி எழும்பி வந்தார். கைகளில் இருந்து உப்பும் கருவாடும் மணந்தது. வேலையில் இருந்து நேரே வந்திருப்பார். நான் உறையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"வாசியுங்கோ அன்ரி," என்றேன்.

"இது அவளுக்கு எழுதினது. அவள் வந்து உடைக்கட்டும்."

திரும்பி நடந்தார். எனக்குள் ஏதோ தளர்ந்தது. சொல்லக் கூசுகிறது, அது நிம்மதி. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்துவிட்டேன், அவர் அதைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார், ஒருக்காலும் வாசிக்க மாட்டார். இதைவிட நல்ல ஒளிவிடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. பொறுப்பு ரீச்சர் நன்றியுரைக்கு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் மேடையில் இருந்து இறங்கி ஓடினேன்.

செலீனா அன்ரி கேற்றடியில் நின்றிருந்தார். உறைக்கு மேலால் பெருவிரலை வைத்து எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"உள்ள பட்ஜ் கிடக்கு," என்றார்.

"ஓம் அன்ரி."

"அதைக் குத்திக்கொண்டுதான் போனவள் எண்டு நினைச்சனான். பொலிசிலயும் நேவியிலயும் சொல்லி வைச்சிருக்கிறன். ஆரும் கரை ஒதுங்கினால் பட்ஜைப் பாருங்கோ எண்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்னட்ட எப்பிடி வந்தது?"

"அவள் தந்தவள். போறதுக்கு முதல் நாள் பின்னேரம். எங்கட வீட்ட வந்தவள் அன்ரி. போறன் எண்டு எனக்குச் சொன்னவள். நான் உங்களிட்ட சொல்லேல்லை."

அவர் ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நல்லது.

"சாப்பிட்டவளோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. புட்டும் மீன் பொரியலும்."

"எத்தினை மீன்?"

"ரெண்டு."

தலையை ஆட்டினார். காற்று அவருடைய முக்காட்டை இழுத்தது. அதைப் பிடிக்கவில்லை.

"போறதுக்கு முதல் நாள் விடிய நான் அவளோட சண்டை பிடிச்சனான். என்னில கோவத்திலயோ போனவள்?"

"இல்லை அன்ரி. கோவமில்லை. சொன்னால் நீங்கள் தடுத்துப்போடுவியள் எண்டு பயந்தவள். அதுதான் சொல்லாதை எண்டவள்."

அவர் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் மகளைத் தேடுகிறாரா, என்னைத்தான் பார்க்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"தடுத்திருப்பன்," என்றார்.

பிறகு உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே போனார். கேற்றைச் சாத்தி, கம்பிக்குள்ளால் கையை விட்டுக் கொளுக்கியைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.